அப்பாவுக்குப் பாதி முகம்தான் வியர்க்கும்

துணி தோய்க்கப் போடுவதற்கு முன் அப்பாவின் சேட்டை அம்மா இரண்டு கையாலும் விரித்துப் பார்ப்பார். பொக்கற்றில் காசு கிடக்கிறதா என்று தேடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கடும் நீலச் சேட். முதுகுப் பக்கத்தில், முள்ளந்தண்டு போகும் இடத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டது போல ஒரு எல்லை. வலது பாதியில் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாக வளையங்கள். இடது பாதி கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே.

"பாதிச் சேட்டைத் தோய்ச்சால் போதும் எனக்கு" என்றார் அம்மா.

திருகோணமலையில் ஆடி மாதம் இருந்தவர்களுக்கு இது எவ்வளவு விசித்திரம் என்று விளங்கும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் போன வெறும் சூட்டோடு எங்கள் பக்கம் இறங்கும். கச்சான் என்போம். கோட்டைக்குள் திரியும் மான்கள்கூட அந்த நேரம் நிழலை விட்டு அசையாது. அப்படி ஒரு காற்றில், ஒரு மனிதருக்கு நெற்றியின் நடுவில் நூல் பிடித்த மாதிரி வலப்பக்கம் முத்து முத்தாக வியர்வை, இடப்பக்கம் காய்ந்த சுவர். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் உற்றுப் பார்ப்பார்கள், பிறகு கேட்கலாமா கூடாதா என்று யோசிப்பார்கள். அப்பாவே சொல்லிவிடுவார்: "எனக்கு ஒரு பக்கம் மட்டும்தான் மழை."

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் தொடங்கியது இது. அப்பா வீட்டு வயரிங் செய்தவர். நாற்பது வருடம் ஊரெல்லாம் ஏணியோடு அலைந்துவிட்டு அப்போதுதான் ஓய்ந்திருந்தார். பாலையூற்றில் எங்கள் வீட்டு முன்விறாந்தை பல்பை மாற்றப் போனவர், ஏணியின் இரண்டாம் படியில் கால் வைத்து, அப்படியே இறங்கி நிலத்தில் குந்திவிட்டார். "வீடு சுத்துது" என்றார். வாந்தி எடுத்தார். அப்புறம் விக்கல். தண்ணீர் குடித்தும், சீனி போட்டும், மூச்சை அடக்கியும் நிற்காத விக்கல்.

பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோனோம். காதில் கோளாறு என்று தலைசுற்றுக்கு ஒரு குளிசை, விக்கலுக்கு வாய்வு என்று இன்னொரு குளிசை. அவர்களை முழுக்கக் குறை சொல்ல முடியாது, தலைசுற்றோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் காதில்தான் பிரச்சினை. ஆனால் அப்பாவை ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லியிருக்கலாம். ஓட்டோவில் ஏற்றும்போது அவர் இடப்பக்கமாகச் சரிந்து என் மேல் விழுந்துகொண்டே வந்தார். அதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குறை எனக்கும்தான்.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கக் கொடுத்தோம். தொண்டையில் இறங்காமல் மூக்கால் வந்தது. குரல் கம்மி, யாரோ வேறு ஆள் கதைப்பது போல இருந்தது. அம்மா துவாயால் முகத்தைத் துடைத்துவிட்டு, துவாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தப் பக்கம் வேர்வையே இல்லை" என்றார். வீட்டில் நாலு பேர் இருந்தோம். அதைக் கண்டது அம்மாவின் கை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர். வந்ததும் கேட்டது, "ஐயா புகை பிடிக்கிறவரா?" எனக்கு விளங்கவில்லை, தலைசுற்றுக்கும் சுருட்டுக்கும் என்ன? டோர்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். பிறகு என்னிடம், "அந்த லைற்றை நிப்பாட்டுங்க" என்றார். அறை மங்கியதும் அப்பாவின் வலது கண்மணி மெல்ல விரிந்தது. இடது கண்மணி கடுகு மாதிரி அப்படியே நின்றது. அந்தக் கண்ணின் மேல் இமையும் ஒரு நூல் அளவு இறங்கித்தான் இருந்தது. நித்திரைக் கலக்கம் என்று நினைத்திருந்தோம். கடைசியாக அவர் தன் விரலின் பின்பக்கத்தால் அப்பாவின் நெற்றியை வலமிருந்து இடமாகத் தடவினார். வலப்பக்கம் விரல் ஒட்டி ஒட்டி நகர்ந்தது. நடுக்கோட்டைத் தாண்டியதும் கடதாசியில் ஓடுவது போல வழுக்கிப் போனது.

"ஹோர்னர்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போன் எடுத்தார்.

நான் பதினெட்டு வருடமாக உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் ரியூசன் கொடுக்கிறேன். அந்தச் சொல் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. யோஹான் பிரெடரிக் ஹோர்னர் சுவிற்சர்லாந்துக் கண் மருத்துவர். 1869இல் நாற்பது வயதுப் பெண் ஒருவருக்கு இமை சரிந்து, கண்மணி சுருங்கி, முகத்தின் அந்தப் பக்கம் வியர்க்காமல் போனதை எழுதி வைத்தவர் என்பதெல்லாம் பிறகு வாசித்தது. எம்.ஆர்.ஐ. படத்தில், மூளையின் அடியில், முதுகெலும்புக்குள் இறங்கும் முண்ணாணோடு சேரும் முகுளத்தின் இடது விளிம்பில் பயறு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பாரிசவாதம்தான், ஆனால் கை கால் விழாத வகை. (முகுளத்துக்கு எங்கள் பாடநூலில் நீள்வளைய மையவிழையம் என்று பெயர். வகுப்பில் ஒவ்வொரு முறையும் சொல்லி மூச்சு வாங்கியவள் என்ற உரிமையில் இங்கே முகுளம் என்றே எழுதுகிறேன்.) அதன் பக்கவாட்டுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால் என்னென்ன வரும் என்று அடோல்ஃப் வாலன்பேர்க் 1895இல் ஒரு நோயாளியை வைத்து விவரித்தார். அந்த நோயாளி இறந்தபின் மூளையை எடுத்துப் பார்த்ததை 1901இல் வெளியிட்டார்: அவர் சொன்ன இடத்திலேயே பழுது இருந்தது. ஸ்கான் இல்லாத காலம்.

ஒரு கிழமை போயிருக்கும். மூக்கால் குழாய் போட்டுப் பால் ஊற்றிக்கொண்டிருந்த நாட்கள். விக்கல் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அப்பா கட்டிலில் சாய்ந்தபடி, கம்மிய குரலில், பழைய தொழில்காரராகக் கேட்டார்: "எங்க பிள்ளை அறுந்தது?"

தலைக்குள் என்றேன். அது பதிலாகவில்லை. "பல்ப் எரியல்ல எண்டால் பல்பைக் கழட்டிப் பார்க்கிறது தொழில் பழகாதவன். அதே லைனில வேற என்னென்ன எரியல்ல எண்டு பார்க்கோணும். அப்பத்தான் வெட்டு எங்க எண்டு தெரியும்."

ஸ்கான் படம் வைத்துத் தந்த பெரிய மண்ணிறக் கவரின் பின்பக்கத்தில் வரைந்தேன். பதினெட்டு வருடம் கரும்பலகையில் வரைந்ததைவிட அன்றுதான் ஒழுங்காக வரைந்தேன் என்று தோன்றுகிறது.

லைன் தொடங்கும் இடம் ஹைப்போதலமஸ். எங்கள் குறிப்புகளில் பரிவகக்கீழ். மூளையின் அடியில், இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே பின்னால் இருக்கும். வளர்ந்த ஆளின் மூளை 1,300 முதல் 1,400 கிராம் என்றால் இது வெறும் 4 கிராம் அளவு. அங்கே புறப்படும் நரம்பு நார்கள், பக்கம் மாறாமல், முகுளத்தின் ஓரத்தால் இறங்கி, முண்ணாணுக்குள் கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்கும் மட்டம் வரை போகின்றன. அங்கே முதல் சந்தி. சந்தியில் அடுத்த நரம்புக்கலம் செய்தியை வாங்கி, முண்ணாணை விட்டு வெளியேறி, நுரையீரலின் உச்சியை உரசிக்கொண்டு கழுத்தில் மேலே ஏறி, தாடை மூலைக்குக் கீழே ஒரு நரம்புத்திரட்டில் முடிகிறது. இரண்டாம் சந்தி. அங்கிருந்து மூன்றாம் நார், மூளைக்குப் போகும் பெரிய நாடியைக் கொடி மாதிரிச் சுற்றிக்கொண்டு மண்டையோட்டுக்குள் திரும்பவும் நுழைந்து, கடைசியில் கண்மணிக்கும் இமைக்கும் வந்து சேர்கிறது.

அப்பா விரலால் கோட்டின் மேல் போய் வந்தார். "கண் பக்கத்திலதானே கிடக்கு. நெஞ்சு வரைக்கும் போய்த் திரும்பி வாறதா? வயர் வீண்."

இந்த வகை நரம்புகளுக்கு, பரிவு நரம்புகள் என்போம், முண்ணாணை விட்டு வெளியேறும் வாசல் நெஞ்சிலும் இடுப்பின் மேற்பகுதியிலும் மட்டும்தான் என்றேன். தலைக்குப் போவதென்றாலும் அந்த வாசலால் வந்துதான் மேலே ஏற வேண்டும்.

"ஓ. லைனெல்லாம் பிரியிற டி.பி. போர்ட் கீழ இருக்கு. அப்பச் சரி."

டொக்டர் புகை பிடிப்பதைப் பற்றிக் கேட்டதும் இதனால்தான். நுரையீரலின் உச்சியில் கட்டி வந்து அந்த இரண்டாம் நாரை அழுத்தினால் இருமல் வருமுன்னே கண்ணிமை சரியலாம்.

எந்தத் துண்டில் வெட்டு என்று வியர்வை சொல்லும். முகத்து வியர்வைக்கான நார்களில் பெரும்பாலானவை இரண்டாம் சந்தியிலேயே பிரிந்து வேறு நாடியோடு போய்விடுகின்றன. ஆகவே மூன்றாம் துண்டில் பழுது என்றால் இமை சரியும், கண்மணி சுருங்கும், ஆனால் வியர்வை நெற்றியில் ஒரு சின்ன இடத்தில் மட்டும்தான் நிற்கும். இரண்டாம் துண்டு என்றால் முகத்தின் ஒரு பக்கம் காயும். முதல் துண்டு என்றால் முகம், கை, முதுகு, கால் என்று உடம்பின் ஒரு பாதியே காய்ந்துபோகலாம். ஏனென்றால் உடம்புக்குப் போகும் லைன்களும் முகுளம் வழியாக ஒரே கட்டாகத்தான் இறங்குகின்றன.

நான் முடிக்கவில்லை. அப்பா தன் இடது அக்குளுக்குள் கையை வைத்து எடுத்துப் பார்த்தார். காய்ந்த கை. "முதல் சந்திக்கு மேல" என்றார். நாற்பது வருடத்துப் பழக்கம். படத்தில் இருந்த வெள்ளைப் புள்ளியை அதற்குப் பிறகுதான் காட்டினேன்.

அந்தக் கவர் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் அப்பா கேட்டு நான் சேர்த்த இன்னொரு கோடும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பார்த்தபோது அவருக்கு முகத்தில் இடப்பக்கம் வலி தெரியவில்லை, ஆனால் உடம்பில் வலப்பக்கம் தெரியவில்லை. "இது என்ன குறுக்கு வயரிங்?" என்றார். உண்மையில் குறுக்குத்தான். உடம்பிலிருந்து வலியையும் சூட்டையும் கொண்டுவரும் நார்கள் முண்ணாணுக்குள் நுழைந்த கையோடு எதிர்ப்பக்கம் தாவிவிடுகின்றன. முகத்திலிருந்து வருபவை முகுளம் வரை இறங்கித்தான் தாவுகின்றன. ஹைப்போதலமசிலிருந்து இறங்குபவை தாவுவதே இல்லை. மூன்றும் ஒரு இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் போகும்போது வெட்டு விழுந்தால் இந்த மாதிரிக் கோலம்தான் வரும்: இடது முகம், வலது உடம்பு, இடது வியர்வை.

விழுங்குவது மூன்று கிழமையில் திரும்பியது. குரல் கொஞ்சம் கரகரத்தபடி நின்றுவிட்டது. வியர்வை வரவே இல்லை. அறுந்த இடத்தை முறுக்கி ரேப் சுற்ற முடியாதா என்று அப்பா பகிடியாகக் கேட்பார். மூளைக்குள்ளும் முண்ணாணுக்குள்ளும் அறுந்த நார் பழையபடி வளர்ந்து போய்ப் பொருந்துவதில்லை. விழுங்கலுக்கு மூளையின் மற்றப் பக்கமும் கைகொடுக்கும், அதனால் தப்பினார்.

ஒரு பக்கக் கதை. சிம்பதெற்றிக் நரம்புக்குத் தமிழில் பரிவு நரம்பு என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல மனதுக்காரர். அடிதடிக்கும் ஓட்டத்துக்கும் உடம்பைத் தயார் செய்கிற நரம்புக்குப் பரிவு! பரீட்சைக்கு முன் கை வியர்க்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஒரு நிமிடம் சிரிப்பார்கள். அப்படியே இன்னொன்றையும் திணித்துவிடுவேன்: பரிவு நரம்பின் கடைசி நுனியில் சுரப்பது நோரட்ரினலின் என்று மனப்பாடம் செய்வோம், ஆனால் வியர்வைச் சுரப்பிக்கு வரும் பரிவு நரம்பு மட்டும் அசற்றைல்கோலினைத்தான் சுரக்கும். பல்தேர்வு வினா எழுதுகிறவர்களுக்குப் பிடித்த இடம்.

அப்பா வீடு திரும்பிய பிறகு வகுப்பில் ஹைப்போதலமஸ் பாடம் எனக்குச் சரியாக வரவில்லை. முன்பெல்லாம் ஒரு பட்டியலாக எழுதிப் போடுவேன்: உடல் வெப்பம், பசி, தாகம், நித்திரை, ஓமோன் கட்டுப்பாடு. மேலே 'ஒருசீர்த்திடநிலையின் தலைமையகம்' என்று தலைப்பு. பிள்ளைகள் அப்படியே எழுதிப் புள்ளியும் எடுத்தார்கள். அதில் பிழை என்று எதுவும் இல்லை. ஆனால் அந்த 4 கிராமைத் தனியே எடுத்து மேசையில் வைத்தால் அது எதையும் ஆளாது. அதற்குள் வருகிற பாதைகளும் அதிலிருந்து போகிற பாதைகளும்தான் வேலை. அதைப் பட்டியல் மறைத்துவிடுகிறது. இப்போது பட்டியலைக் கடைசியில் போடுகிறேன், முதலில் பாதைகளை வரைகிறேன். ஓரிரு பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை, பாடத்திட்டம் முடியாது என்கிறார்கள். முடித்துவிடுகிறேன்.

சில பாதைகளைச் சும்மா பெயர் சொல்லிக் கடந்துவிடுவேன். ஞாபகத்தோடு சம்பந்தப்பட்ட ஹிப்போகம்பசிலிருந்து வில் மாதிரி வளைந்து வந்து ஹைப்போதலமசின் பின்பக்கத்து மமிலரி முடிச்சுகளில் இறங்கும் ஃபோர்னிக்ஸ். அங்கிருந்து, புலன் செய்திகளைக் கைமாற்றும் தலமசுக்கு ஏறி, மூளையின் உள்விளிம்புப் புறணிக்குப் போய், திரும்ப ஹிப்போகம்பசுக்கே வரும் வட்டம். இந்த வட்டத்தை 1937இல் ஜேம்ஸ் பேபெஸ் உணர்ச்சியின் பாதை என்று முன்வைத்தார். பின்னால் வந்தவர்கள் அது அதிகமும் ஞாபகத்துக்கான பாதை என்று கண்டார்கள். விற்றமின் பி1 இல்லாமல் அந்த முடிச்சுகள் கெட்டுப்போனவர்களுக்கு இன்றைக்கு நடந்தது நாளைக்கு நினைவில் நிற்பதில்லை. சரி, அது வேறு கதை.

என் தங்கச்சியின் கதையை மட்டும் விட மாட்டேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவளுடைய பிள்ளைக்கு ஐந்து மாதம். பிள்ளையை வீட்டில் அம்மாவிடம் விட்டுவிட்டு அப்பாவைப் பார்க்க வந்தவள் கதைத்துக்கொண்டே இருந்தாள். நடைபாதையின் மற்றக் கரையில் யாருடையதோ ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. தங்கச்சி பேச்சை நிறுத்தி, கையிலிருந்த கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சட்டை நனைந்துவிட்டது. "என்ட பிள்ளையும் இல்ல, ஒண்டும் இல்ல, இதுக்கு என்ன வந்தது" என்று வெட்கத்தோடு சிரித்தாள்.

பால் குடிக்கும் குழந்தையின் வாய் பட்டதும் முலையிலிருந்து செய்தி முண்ணாண் வழியாக ஹைப்போதலமசுக்குப் போகும். அங்கே இருக்கும் பெரிய நரம்புக்கலங்கள், பாலை வெளியே தள்ளவைக்கும் ஒக்சிற்றோசினைச் செய்து, தங்கள் நாருக்குள்ளேயே அதைக் கீழே கபச்சுரப்பியின் பின்பாகம் வரை கொண்டுபோய், இரத்தத்தில் விடுகின்றன. நரம்பு நேரடியாகவே ஓமோன் விடுகிற இடம் அது. இது பாடநூலில் உண்டு. வாயே படாமல் அழுகைச் சத்தம் மட்டும் எப்படி அந்தக் கலங்களைத் தட்டுகிறது? 2023இல் நியூயோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்டெலித் தாய்களில் அந்தப் பாதையைக் கண்டு வெளியிட்டார்கள்: குஞ்சின் சத்தம் தலமசின் பின்புறத்து ஒரு சிறு பகுதி வழியாக ஒக்சிற்றோசின் கலங்களுக்குப் போகிறது. தங்கச்சிக்குச் சொன்னேன். "எலிக்கும் அப்படியா பாவம்" என்றாள்.

எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் விளங்கியது 2004ஐப் பற்றி அப்பா கதைக்கும்போதுதான்.

அப்போது நாங்கள் திருக்கடலூரில் இருந்தோம், கடலுக்குக் கிட்ட. டிசம்பர் 26 காலை அப்பா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் பாலையூற்றுக்கு வந்தது. அவர் அதைப் பற்றி அடிக்கடி கதைப்பதில்லை. வருடத்தில் ஒருமுறை, அந்த நாள் வரும்போது, யாராவது வந்திருந்தால் சொல்வார். குரல் மாறாது, கண் கலங்காது, வயரிங் வேலை சொல்கிற மாதிரிச் சொல்வார். மார்கழி மாதம், வாடைக்காற்று, மழை இருட்டு, வெளியில் குளிர்கூட. போன வருடம் அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் முகத்தைப் பார்த்தேன். வலது நெற்றியில் வியர்வை பொடித்து, புருவத்தில் இறங்கி, கன்னத்தால் வழிந்தது. இடது பக்கம் அமைதியாக இருந்தது. ஒரு பக்கம் நடுங்குகிறது, மறுபக்கத்துக்கு அது எட்டவே இல்லை.

பயத்தை முதலில் பிடிக்கும் இடம் அமிக்டலா, காதுக்குச் சற்று முன்னால், உள்ளே. அதிலிருந்து ஹைப்போதலமசுக்கு இரண்டு வழி. ஒன்று நேராகப் போகும் குறுக்குவழி. மற்றது ஸ்ட்ரியா ரேர்மினலிஸ் என்ற நீண்ட வழி, மூளையின் உள்ளறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வரும். எந்த வழியால் வந்தாலும் ஹைப்போதலமசைத் தாண்டியபின் கீழே இறங்குகிற பாதை முகுளத்தின் ஓரத்தால் போகும் அந்தப் பழைய கட்டுத்தான். கச்சான் வெக்கைக்கு வியர்ப்பதும், இருபது வருடத்துக்கு முந்திய அலைக்கு வியர்ப்பதும், மருமகனோடு அரசியல் கதைத்துச் சூடாகி வியர்ப்பதும் மேலே வெவ்வேறு ஊரில் புறப்படுகின்றன. கீழே ஒரே ரோட்டு. அந்த ரோட்டில் இடப்பக்கம் மூன்று வருடமாக மூடிக் கிடக்கிறது.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு நித்திரை இல்லை. விடிய விடிய லைற் எரியும் வார்ட். அதையும் கவரில் வரைந்தேன். கண்ணின் விழித்திரையில் பார்வைக்கு என்று இல்லாமல், வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் அறியும் நரம்புக்கலங்கள் கொஞ்சம் உண்டு; 2002இல்தான் அவை தாமாகவே வெளிச்சத்துக்குத் துலங்குகின்றன என்று காட்டினார்கள். அவற்றின் நார்கள் நேரே ஹைப்போதலமசின் முன்பக்கத்தில், கண் நரம்புகள் வெட்டும் இடத்துக்கு மேலே உள்ள ஒரு சிறு நரம்புக்கலக் கூட்டத்துக்குப் போகின்றன. இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 20,000 கலங்கள், அவ்வளவுதான். அதுதான் உடம்பின் மணிக்கூடு என்று 1972இல் எலிகளில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின. அந்த மணிக்கூடு, மூளையின் நடுவில் இருக்கும் பீனியல் சுரப்பிக்கு 'இரவாகிவிட்டது, மெலற்றோனினைச் சுர' என்று சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே தலைக்குள், சில சென்ரிமீற்றர் தூரத்தில். ஆனால் செய்தி போகிற வழி? கீழே முண்ணாண், நெஞ்சு மட்டம், வெளியேறி, கழுத்துத் திரட்டு, திரும்ப மேலே.

அப்பா கோட்டைப் பார்த்தார். "இதுவும் அதே கம்பத்தாலயா?"

ஓம் என்றேன். ஆனால் பீனியல் ஒன்றுதான், இரண்டு பக்கத்துத் திரட்டிலிருந்தும் அதற்கு நார் வருகிறது, வலது லைன் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

"அப்ப நித்திரை வராததுக்கு அந்த லைற்றைத்தான் நிப்பாட்டோணும்" என்று தாதி பக்கம் கையைக் காட்டினார்.

வியர்வை இல்லாததால் பெரிய இடைஞ்சல் இல்லை, வெயிலில் கவனமாக இருந்தால் போதும். இடைஞ்சல் வலப்பக்கத்தில். வந்த புதிதில் ஒரு இரவு, ஏதோ தீய்கிற மணம் என்று அம்மா எழுந்து குசினியைப் பார்த்தார், சுவிட்சுகளைப் பார்த்தார். அப்பாதான் கதிரையில் இருந்தபடி, "வயர் எரியிற மணம் இல்ல இது" என்றார். அவருடைய வலது குதிகாலுக்குக் கீழே நுளம்புத்திரி. பத்து ரூபாக் குற்றி அளவு தோல் போய்விட்டது. அவருக்குத் தெரியவே தெரியாது. அன்றிலிருந்து குளிக்கும் வெந்நீரை அம்மா பிள்ளைக்குப் பார்க்கிற மாதிரி முழங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் கொடுக்கிறார்.

போன ஆவணியில் அப்பம்மா போய்ச் சேர்ந்தா. தொண்ணூறைத் தொட்ட சீவன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம். வீட்டிலிருந்து கிட்டத்தான். தன் தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் நிலத்தில் குத்தி எடுத்த ஊற்று என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். தாய்க்குச் செய்ய வருகிற மூத்த மகன்களுக்கு இந்தக் கதையை ஞாபகப்படுத்த யாராவது ஒரு பெரியவர் எப்போதும் இருப்பார். அன்றும் இருந்தார்.

ஏழு கிணறுகள், இடுப்பளவுச் சுவர் கட்டியவை. ஆழம் அதிகம் இல்லை, அடி தெரியும். ஒன்றுக்கொன்று சூடு வித்தியாசம். கிரியை முடிந்து அப்பா ஈரச் சாரத்தோடு வந்து முதல் கிணற்றடியில் நின்றார். வாளியை இடது கையால் இழுத்து இடது தோளில் ஊற்றி, "ஆ" என்றார், அந்தச் சூட்டுக்கு எல்லோரும் சொல்கிற ஆ. அடுத்த வாளி வலது தோளில். ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் வழிந்த தோளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"விழுறது தெரியுது" என்றார். "தண்ணி எண்டு தெரியுது. சூடெண்டு தெரியல்ல."

தொடுகைக்கு வேறு பாதை என்றேன். அது முகுளத்தின் நடுவால் போகும், அங்கே வெட்டு விழவில்லை. சூடு ஓரத்தால் போகிறது.

"அப்ப உள்ளுக்கும் தெரியாதா? அந்த நாலு கிராமுக்கு?"

இந்தக் கேள்வியை என்னிடம் எந்த மாணவரும் கேட்டதில்லை. எலிகளில் நாகமுரா, மொரிசன் என்ற இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. தோலின் வெப்பச் செய்தி, நாம் சூட்டை 'அறிகிற' தலமசுப் பாதையை நம்பியிராமல், மூளைத்தண்டில் வேறொரு இடத்தில் நின்று, தனியாக ஹைப்போதலமசின் முன்பகுதிக்குப் போய் உடல் வெப்பத்தைச் சரிசெய்கிறது. சூடு என்று நமக்குச் சொல்வது ஒரு லைன், வியர் என்று உடம்புக்குச் சொல்வது இன்னொரு லைன். போதாததற்கு ஹைப்போதலமஸ் தன்னைக் கடந்து போகும் இரத்தத்தின் சூட்டையும் தானே பார்த்துக்கொள்கிறது. இதையெல்லாம் கிணற்றடியில் ஈரத்தோடு நின்று சொன்னேன், பின்னால் வரிசையில் நின்றவர்கள் முறைக்க முறைக்க.

"அப்ப எனக்குத்தான் தெரியாது. அதுக்குத் தெரியும்" என்றார். கொஞ்சம் திருப்தி மாதிரி இருந்தது.

தங்கச்சியின் மகன், இப்போது மூன்று வயது, ஒவ்வொரு கிணற்றாக ஓடிப் போய், "அப்பப்பா, எது கூடச் சுடும்?" என்று கத்திக்கொண்டிருந்தான். தாயின் தகப்பனை அவன் அப்பப்பா என்றுதான் கூப்பிடுகிறான், திருத்திக் களைத்துவிட்டோம். அப்பா ஏழு வாளியிலும் இடது கையை வைத்துப் பார்த்து, யோசித்து, நாலாவது என்றார். பிறகு அந்த நாலாவது வாளியை என்னிடம் நீட்டி, முதுகைத் திருப்பி, வலது தோளைக் காட்டினார்.

"இதில நீ ஊத்து. கூடிப்போச்செண்டால் நீதான் சொல்லோணும்."

முழங்கையை வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றினேன்.